வெட்டாமல் விட்ட பதினொரு வினாடி

போன கிழமை பெய்த மழையில் என் அறைக் கூரை ஒழுகத் தொடங்கியது. வாளி வைக்க இடம் தேடி, கட்டிலுக்கடியில் கிடந்ததையெல்லாம் இழுத்து வெளியே போட்டபோது பழைய கமரா ஸ்டாண்டும் வந்தது. மூன்று காலில் ஒரு கால் இறுகிப்போய் நீளவில்லை. விடாமல் முறுக்கினேன். கழன்று வந்த குழாய்க்குள்ளிருந்து காய்ந்த களப்புச் சேறு ஒரு பிடி என் மடியில் கொட்டியது. சேற்றோடு ஒரு மணமும் வந்தது, அல்லது வந்ததாக எனக்குப்பட்டது.

அதை எப்படிச் சொல்வது? நாங்கள் களப்பு என்கிற மட்டக்களப்பு வாவியை உங்களுக்குத் தெரியுமென்றால் பாதி வேலை முடிந்தது. தெரியாதென்றால், உப்பும் நன்னீரும் கலந்து நிற்கிற தண்ணீர், ஓரத்தில் அழுகுகிற கண்டல் மரத்து இலை, அதன்மேல் எள்ளளவு மீன் கவிச்சி. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. ஈர வைக்கோலையும் மீன் எண்ணெயையும் ஒன்றாகப் பொத்திவைத்துத் திறந்தால் வருமே, அப்படி ஒரு வாடை. நீர்நாயின் எச்சம். மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நான் அந்த வாடை வந்த திசைக்குக் கல்யாண வீட்டுக்குப் போகிறவனைப் போலப் போயிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபது வயது. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டது, பல்கலைக்கழகத்துக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த இடைவெளியில் என் வயதுப் பெடியன்கள் கிரிக்கெட் விளையாடினார்கள், வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போட்டார்கள். நான் காட்டுவிலங்குப் படங்கள் பார்த்தேன். ஒரு சிறுத்தைக்காக ஆறு மாதம் மரத்தில் குந்தியிருந்தவர்களைப் பார்த்து, நானும் அந்தச் சாதிதான் என்று முடிவுசெய்தேன். அவர்கள் போட்டிருந்த இலைப்புள்ளிச் சட்டையும் எனக்கு வேண்டியிருந்தது.

“போடு போடு,” என்றாள் என் கூட்டாளி ஷெரின். “முதலாவது சென்றி பொயின்ட்லயே புடிச்சு இருத்துவானுகள். நீர்நாய் தானா உன்னப் பாக்க வரும்.”

எங்கள் நாட்டில் அந்தச் சட்டையை ஆமிக்காரர் மட்டும்தான் போடலாம் என்பதை நான் யோசிக்கவேயில்லை. கடைசியில் அப்பாவின் பச்சைச் சாரமொன்றைத் தலையில் போர்த்திக்கொண்டுதான் என் காட்டுவாழ்க்கை தொடங்கியது.

ஷெரின் என்னோடு கணினி வகுப்பில் படித்தவள். டவுனில் பறங்கியர் தெருவொன்றில் அவளுடைய அப்பாவுக்குத் தச்சுப் பட்டறை. பலகையை அளந்து வெட்டுகிற வீட்டில் பிறந்ததாலோ என்னவோ, படத்தையும் அப்படித்தான் வெட்டுவாள், ஒரு மயிரிழை கூடாமல் குறையாமல். நான் எடுப்பது, அவள் வெட்டுவது என்று ஒப்பந்தம். நீர்நாய் என்று தேர்ந்தெடுத்தது நான். காரணம் உயர்ந்ததுதான், அதை மறைக்கவேண்டியதில்லை. எங்கள் களப்பில் அவை கண்ணுக்கு எட்டாத அளவுக்குக் குறைந்துவிட்டன. வலையைக் கடிக்கிறது என்று கண்ட இடத்தில் அடித்துப்போடுவார்கள். அதன் முகத்தை ஒருமுறை கிட்டத்தில் காட்டிவிட்டால், ஓங்கிய கை கொஞ்சம் யோசிக்கும் என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். என் சிக்கல் அதில் இல்லை.

இரண்டு மாதம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு காலை, இடுப்பளவு பன்புல்லுக்குள் சாரமும் தலையுமாக நின்றபோது தோணியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“தம்பி, முதலைய பாக்க வந்தயா, இல்ல முதலைக்குச் சாப்பாடா வந்தயா?”

அவரை இங்கே பாயிஸ் நானா என்று சொல்கிறேன், முஸ்லிம் ஊர்களில் நானா என்றால் அண்ணன். அது அவருடைய பெயரல்ல. ஏறாவூர்க்காரர் என்பது உண்மை. அதைச் சொல்வதால் இடம் தெரிந்துவிடாது, ஏறாவூர்க்காரரின் தோணி போகாத மூலை களப்பில் இல்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டாரில் எட்டு வருஷம் லொறி ஓட்டிவிட்டு, இனிமேல் இல்லை என்று வந்திருந்தார்.

“மூணாந்தரம் லீவுல வந்தப்ப,” என்று ஒருநாள் சொன்னார், “என்ட மகள் உம்மாக்கிட்டக் கேக்கிறாள், ‘இந்த மாமா எப்ப போவார்’ எண்டு. அண்டைக்கே முடிவெடுத்துட்டன் மனே. இனி நான் அங்க போறதில்ல. களப்பில இறாலப் புடிச்சுத் திண்டுத்து இவளோட இரிக்கிறதுதான்.”

அவர் அப்படி இருக்க முடிந்ததற்குக் காரணம் ஒரு இடம். கண்டலும் பன்புல்லும் சூழ்ந்த ஒரு சிறிய மடு. வெளியிலிருந்து பார்த்தால் வாய் தெரியாது. அதற்குள் கம்புகளை வரிசையாக நட்டு வலை கட்டியிருந்தார். மற்றவர்கள் அரைக்கூடை இறாலோடு வருகிற நாளிலும் அவர் நிறைகூடையோடு வருவார். எங்கே கட்டுகிறாய் என்று கேட்டால், “அல்லாஹ் தாறான்” என்பார். அந்த மடுவின் கரையில்தான் நீர்நாய் ஒன்று மூன்று குட்டிகளோடு குடியிருந்தது.

“உங்கட வலைய கடிக்கல்லியா நானா?” என்று கேட்டேன்.

“கடிக்காம? மாசத்தில ரெண்டுதரம் பொத்துறன். அதுவும் புள்ளகுட்டிக்காரிதானே, நானும் புள்ளகுட்டிக்காரன். சமாளிச்சுப் போறம்.”

கூட்டிப்போவதற்கு இரண்டு நிபந்தனை போட்டார். தோணியில் ஏறினால் வாயைத் திறக்கக்கூடாது, இடம் வெளியே போகக்கூடாது. “அதுகளுக்கு ஆபத்து எண்டா நானா?” என்று பெரிய மனிதரைப் போலக் கேட்டேன். “அதுகளுக்கும்தான், எனக்கும்தான்,” என்றார். “மீனில்லாத இடத்தில அதுகள் என்ன, காத்தையா குடிச்சுத்து இரிக்கிது?”

இருபத்தொரு காலை போனோம். விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டு வருவார். நான் பாலத்தடியில் நுளம்புக்கடியோடு காத்திருப்பேன். தோணியின் முன்னணியத்தில் ஸ்டாண்டை வைத்துக் கட்டுவதற்கு நானாவே ஒரு பலகை அடித்திருந்தார். முதல் ஒன்பது நாளும் வட்டமாக விரிகிற தண்ணீரைத்தான் படமெடுத்தேன். பத்தாம் நாள் ஒரு தலை. அதற்குப் பிறகு தாய், ஒரு மீனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இனி எங்கேயும் போகவேண்டியதில்லை என்பதுபோல நிதானமாகத் தலையிலிருந்து தின்பது. குட்டிகள் தண்ணீருக்குப் பயந்து கரையில் நின்று கீச்சிடுவது. தாய் ஒன்றைப் பிடரியில் கவ்விக் களப்புக்குள் எறிவது. அதைப் பார்த்து நானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் தோணி ஆடி, அந்தக் காட்சி முழுவதும் நடுக்கம். அவர் போட்ட நிபந்தனையை அவர்தான் முதலில் உடைத்தார் என்று பிறகு பலநாள் சொல்லிச் சிரித்தோம்.

பதினேழாம் நாள் அந்தப் பதினொரு வினாடி கிடைத்தது.

வெயில் அப்போதுதான் பன்னுக்கு மேலால் எட்டிப்பார்த்தது. தண்ணீரெல்லாம் மஞ்சள். நானாவின் கம்பு வரிசை கறுப்பாக நின்றது. ஓரக் கம்பின் அடியில், வலைக்கயிறு முடிச்சின்மேல் தாய் ஏறி உட்கார்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாகக் குட்டிகள் அதன் முதுகில் ஏறப்பார்த்து வழுக்கி விழுந்தன. மூன்றாவது குட்டி ஏறிவிட்டது. ஏறி, நேராக என் கமராவைப் பார்த்தது. பிறகு நாலும் தண்ணீருக்குள் போயின, ஒரு சத்தமில்லாமல்.

கமராவை நிறுத்தினேன். இதற்காகத்தான் பிறந்தேன் என்றெல்லாம் நினைத்தேன். இருபது வயதில் மனிதன் ஒரு கிழமையில் நாலுதரம் அப்படி நினைக்கிறான்.

படம் ஓரளவு ஒட்டிமுடிந்ததும் நானாவுக்குக் காட்ட அவர் வீட்டுக்கு மடிக்கணினியோடு போனேன். அவருடைய மகள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பின்னணிக் குரல் நான்தான் கொடுத்திருந்தேன். “இயற்கை அன்னையின் எழில்மிகு மடியிலே” என்று தொடங்கியதும் நானா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இது ஆரு, செய்தி வாசிக்கிறவரக் கூட்டித்து வந்தயா?”

“நான்தான் நானா.”

“தொண்ட சரியில்லயோ?”

மகளும் அவரும் சிரித்துச் சிரித்துப் பார்த்தார்கள். கம்புக் காட்சி வந்தது. மகள் கையைத் தட்டினாள். அவர் சிரிக்கவில்லை. இன்னொருதரம் போடச் சொன்னார். மூன்றாம் தரமும் பார்த்துவிட்டு, பிளேன்டீயை என் பக்கம் தள்ளிவைத்துச் சொன்னார்.

“எல்லாம் ஷோக்கு. அந்தக் கம்பு வாற துண்ட மட்டும் எடுத்துரு மனே.”

நான் திகைத்துப்போனேன். “நானா, அதில இடம் ஒண்டும் விளங்காதே. கோயில் இல்ல, பள்ளி இல்ல, டவர் இல்ல, பாலம் இல்ல. எல்லாம் பாத்துத்தான் வெச்சன்.”

“உனக்கு விளங்காது. களப்புக்காரனுக்குக் கம்பப் பாத்தா ஆள் விளங்கும்.”

“கம்பு கம்புதானே நானா.”

அவர் விளக்கம் சொல்ல முயலவில்லை. “எடுத்துரு,” என்றார் மறுபடி, மெதுவாக. நான் “சரி நானா, எடுத்துர்றன்” என்றேன். சொல்லும்போதே எடுக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். இதை வேறுமாதிரி நினைவுவைத்துக்கொள்ள நான் பலதடவை முயன்றிருக்கிறேன். அந்த நேரம் எடுக்கத்தான் நினைத்திருந்தேன், பிறகுதான் மனம் மாறியது என்று. அப்படியில்லை. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தபோதே தெரியும்.

அடுத்த நாள் ஷெரினுக்கு, நானா பார்த்துவிட்டார், சிரித்தார் என்று சொன்னேன். அவள் எதையும் அப்படி விடுகிறவள் அல்ல.

“அந்தக் கம்புச் சீனுக்கு என்ன சொன்னவர்? அது அவருட இடம் எல்லோ. எனக்கு அது கொஞ்சம் இடிக்குது.”

“பிரச்சினையில்ல.”

“பிரச்சினையில்லையெண்டு அவர் சொன்னவரா, நீ சொல்றியா?”

“அவர்தான். ஓமெண்டவர்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, அந்தப் பதினொரு வினாடியைப் படத்தின் முடிவில், பெயர்கள் வருவதற்குச் சற்று முன்பு வைத்தாள். அதைவிடச் சரியான இடம் அதற்கு இல்லை. பெயர்களில் முதலாவது என்னுடையது.

படத்தை டவுனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டோம். பின்னேரம் நாலு மணி. யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியதில் உள்ளே அடுப்படி மாதிரி வெக்கை. முன்வரிசைகளில் மாணவர்கள். படம் சேரவேண்டியது மீனவர்களிடம்தானே என்று, பல ஊர் மீனவர் சங்கங்களுக்கும் நானே நேரில் போய்ச் சொல்லியிருந்தேன். அவர்கள் பின்னால் சுவரோடு நின்றார்கள். நானா மகளோடு முன்வரிசைக்குப் பக்கத்தில் இருந்தார். அவளுக்குப் புதுச்சட்டை.

படம் வேலை செய்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். குட்டியைத் தாய் தண்ணீருக்குள் எறிந்தபோது மண்டபமே சிரித்தது. வலையில் சிக்கி அடிபட்டுச் செத்த ஒன்றின் படத்தைக் காட்டியபோது சுவரோரத்தில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அந்தக் கடைசிக் காட்சி. மஞ்சள் தண்ணீர், கறுப்புக் கம்புகள். பிள்ளைகள் ‘ஆ’ என்றார்கள்.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

“டேய், இது நம்மட இடக்கையன்ட கம்பெல்லோ.”

“எங்க?”

“சாய்வப் பாரன். எல்லாத்தையும் மற்றப்பக்கம் சாய்ச்சு நட்டிரிக்கான்.”

“அப்ப இவன் இவ்வளவு நாளும் அள்ளினது இந்த மடுவுக்குள்ளதானா. பின்னால நிக்கிற மொட்டக் கண்டலப் பாத்தா தெரியுதே. நாம ரெண்டு பாகத் தூரம் தள்ளித்தான் போறம் வாறம்.”

தோணியில் நின்று கம்பை ஊன்றுகிறவன் தன் வலது கையால் அழுத்துவான். கம்பு ஒருபக்கம் சாயும். பாயிஸ் நானா இடக்கைக்காரர். இருபத்தொரு காலை அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன், அவர் எந்தக் கையால் கம்பு ஊன்றினார் என்பதை நான் பார்த்திருக்கவில்லை. கூர்ந்து பார்ப்பதுதான் என் தொழில் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

நானா ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. வெளிச்சம் போட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள், அவரும் தட்டினார். வாசலில் என்னைத் தாண்டும்போது, “படம் வடிவு தம்பி,” என்றார். அந்த முதல் காலைக்குப் பிறகு அவர் என்னை, மகனே என்கிற மாதிரி, மனே என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

ஷெரின் புரொஜெக்டரின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். முழுவதையும் சுற்றிமுடித்துவிட்டுக் கேட்டாள். “அவர் ஓமெண்டு சொல்லல்ல, என்ன?” நான் யன்னல் துணியைக் கழற்றத் தொடங்கினேன். “என்ட கையால வெட்டவெச்சயே,” என்றாள். உண்மையில் வெட்டாமல் விடவைத்தேன். அந்தத் திருத்தத்தைச் சொல்கிற துணிவும் எனக்கு வரவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து படம் செய்யவில்லை. இப்போது கொழும்பில் விளம்பரங்கள் வெட்டுகிறாள், பெருநாள் தினங்களில் மட்டும் வாழ்த்து அனுப்புவாள்.

அந்தக் கிழமையே மடுவுக்குள் நாலு தோணி. அடுத்த கிழமை கணக்கில்லை. யாரையும் குறைசொல்ல முடியாது, களப்பு நானாவின் பெயரில் எழுதிக்கிடக்கவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தோணி போக வழி வேண்டுமென்று பன்னை வெட்டினார்கள். மடுவின் வாய் அகன்றது. வாய் அகன்றதும் எஞ்சின் போட்ட வள்ளம் வந்தது. அதில் வந்தவர்கள் மீனவர்கள் அல்ல. என் படத்தைப் பார்த்து மனம் இளகி, நீர்நாயைப் பாதுகாக்கவேண்டுமென்று உண்மையாகவே விரும்பியவர்கள். பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். குட்டிகள் வெளியே வரட்டும் என்று பிஸ்கட்டை உடைத்துப் போட்டார்கள். எனக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பினார்கள். இணையத்தில் போட்டிருந்த படத்திலிருந்து அந்தக் காட்சியை வெட்டி எடுத்துவிட்டேன், ஆனால் அதற்குள் அது என் கையைவிட்டுப் போய் ஆயிரம் தொலைபேசிகளில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து நானா கூப்பிட்டார். “வந்துத்துப் போ,” என்றார், அவ்வளவுதான்.

பாலத்தடியில் நின்றார். தோணிக்குள் ஒரு உரப்பை. அவர் அதைத் திறக்கவில்லை, வாயை மட்டும் கொஞ்சம் விலக்கினார். யாரோ புதிதாகக் கட்டிய வலைக்குள் போய், மேலே வர வழி தெரியாமல் மூச்சுமுட்டிக் குட்டியொன்று செத்திருந்தது. ஒரு பூனையளவுகூட இல்லை. முன்னங்கால் விரல்கள் விரிந்து கிடந்தன, விரல்களுக்கிடையில் சவ்வு. மூன்றில் எது என்று எனக்குத் தெரியவில்லை. என் கமராவை நேராகப் பார்த்ததாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்னும் வெட்கப்படுகிறேன். மற்றதென்றால் பரவாயில்லையா?

“இதையும் எடு,” என்றார் நானா.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு வேலை மிச்சமிருக்கிறது, முடித்துவிடு என்கிற குரல். என் கை தோளில் தொங்கிய கமராப் பைக்குப் போனது. அதையும் உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதன் ஸிப்பை முழுதாகத் திறந்த பிறகுதான் கை நின்றது. அவர் அதைப் பார்த்தார். பிறகு உரப்பையைக் கட்டித் தோணியில் வைத்துக்கொண்டு, கரையோரமாக ஒரு மேட்டில் கொண்டுபோய்க் குழிதோண்டித் தாட்டார். நான் மண்ணைத் தள்ளினேன்.

“நானா, நான் உங்களுக்குப் பொய் சொன்னது…”

“தெரியும்,” என்றார். “நீ கோப்பையக் கீழ வெக்காமச் சொன்னயே, அப்பவே விளங்கித்து. உனக்குப் படம், எனக்கு மடு. நான் இன்னொருதரம் அழுத்திச் சொல்லியிரிக்கணும்.”

குற்றத்தில் ஒரு பங்கை அவர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதைத் திருப்பி வாங்க எனக்கு வழி தெரியவில்லை.

நோன்பு முடிய அவர் கட்டாருக்குப் போனார். அரைக்கூடை இறாலை வைத்துக்கொண்டு ஒரு வீடு நடக்காது. மகள் அவரை வழியனுப்பப் போன வேனில் ஏறவில்லையாம், வாசலிலேயே நின்றுவிட்டாளாம். அதை எனக்குச் சொன்னது அவர் மனைவி, வேறு எதையோ சொல்வதுபோல.

களப்போரத்தில் இப்போது ஒரு பெயர்ப்பலகை நிற்கிறது. ‘நீர்நாய்களைக் காப்போம்’ என்று மூன்று மொழியில். படம் என் படத்திலிருந்து எடுத்ததுதான், என்னைக் கேட்டுத்தான் எடுத்தார்கள். வலையில் அகப்படுகிற நீர்நாயை இப்போதெல்லாம் அடிக்காமல் வலையை அறுத்து விட்டுவிடுகிறார்கள் என்று இரண்டு ஊர்களில் சொல்லக் கேட்டேன். உண்மையாக இருந்தால் பெரிய விஷயம். வேறெங்கோ ஒரு மடுவில் சில உயிர்கள் அதனால் மிஞ்சியிருக்கலாம். பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிடும்போது நான் அதைச் சொல்கிறேன், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். மீதியை இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

நானா போய் இரண்டு மாதத்தில் எனக்கு ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். பின்னால் லொறி இரைச்சல். “தம்பி, வெள்ளிக்கிழமதான் எனக்கு இங்க லீவு. எட்டிப் பாத்துத்துச் சொல்லு, அதுகள் இரிக்கா எண்டு. மற்ற ரெண்டும் இப்ப தாயளவு வளந்திரிக்கும்.”

போனேன். தோணிக்காரர் ஒருவர் இறக்கிவிட்டார். பன்புல் இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். கரைச் சேற்றில் கொக்கின் கால், நாயின் கால், செருப்பு. இரண்டு மணித்தியாலம் இருந்தேன். அவை போய்விட்டன என்று எழுதித் திரும்பவும் அழித்தேன். கடைசியில், “இண்டைக்குக் காணல்ல நானா” என்று அனுப்பினேன். “சரி, மற்றக் கிழம பாரு,” என்று பதில் வந்தது.

மற்றக் கிழமையும் போனேன். அதற்கடுத்த கிழமையும். அனுப்பியதெல்லாம் அதே ஒரு வரி. அவர் விடாமல் கேட்டார், மழைக்காலத்திலும் கேட்டார், நானும் விடாமல் இன்றைக்குத்தான் காணவில்லை என்பதுபோலச் சொன்னேன். இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வேலையாக இருக்கும் என்று நினைத்து, நானாகவே போய்ப் பார்த்துவிட்டு அந்த வரியை அனுப்பினேன். அவர் அதைப் பார்த்துவிட்டார் என்பதற்கு நீலச் சரிக்குறிகள் இரண்டு விழுந்தன. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.